பதினெட்டுக்குள் பிள்ளைகள் கையில் பழக வேண்டியவை

தேனி மாவட்டக் கூடலூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். கணவனும் மனைவியும் குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். மகன் ப்ளஸ் டூ முடிக்கப் போகிறான், அடுத்து எர்ணாகுளத்தில் விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறான். மகள் பத்தாம் வகுப்பு. "இதுவரைக்கும் படிப்பைத் தவிர எதுவும் தெரியாமலே வளர்த்துவிட்டோம். வெளியே போகும் முன்னால் என்னென்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?" என்பது கேள்வி.

தங்கச்சி, கம்பம் பள்ளத்தாக்கிலும் குமுளியிலும் வங்கிக் கிளைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பட்டம் வாங்கிய மகன் பேசாமல் நிற்பான், அம்மா அவனுக்காக சலான் நிரப்புவார். அந்த அம்மா மீது எனக்குக் கோபம் வந்ததில்லை, கவலைதான் வந்தது. அதே பையன் அடுத்த வாரம் தனியாக ஒரு தாளில் கையெழுத்துப் போடப் போகிறான், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க அவனுக்குத் தெரியாது. ஆகவே நான் சொல்ல வருவதன் அடிப்படை இதுதான்: சொல்லிக் கொடுப்பது போதாது, செய்ய விட வேண்டும். தவறினால் நஷ்டம் சிறிதாக இருக்கும் வயதிலேயே, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே செய்ய விட வேண்டும்.

அதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அப்படிப்பட்டவர் போட்ட ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று 1903-லேயே, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 17 வயது 364 நாள் வரை உங்கள் மகனின் கையெழுத்துக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. மறுநாள் காலையில் அது போய்விடும். கடன், ஜாமீன், வாடகை ஒப்பந்தம், சிம் கார்டு எல்லாவற்றுக்கும் அவனே முழுப் பொறுப்பு. அறிவு ஒரே இரவில் வருவதில்லை. கையெழுத்தின் பலம் மட்டும் ஒரே இரவில் வந்துவிடுகிறது.

முதலில் வங்கிக் கணக்கு. 10 வயது நிரம்பிய பிள்ளைகள் தாங்களே இயக்கும் சேமிப்புக் கணக்கைத் தொடங்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. வரம்பு எவ்வளவு, ஏ.டி.எம். கார்டு தருவார்களா என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். இருப்புக்கு மேல் பணம் எடுக்க முடியாது என்பதால் பழகுவதற்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. உங்கள் மகனுக்கு ஏற்கெனவே உங்களோடு சேர்ந்த கணக்கு இருந்தால், 18 ஆனதும் புதிதாக மாதிரிக் கையெழுத்துக் கொடுத்து விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும். அந்த வேலைக்கு அவனைத் தனியாக அனுப்புங்கள். நீங்கள் போக வேண்டாம். படிவத்தில் ஒரு கட்டம் புரியாவிட்டால் ஊழியரிடம் "இது என்ன சார், இங்கே என்ன எழுதணும்?" என்று கேட்கட்டும். அப்படிக் கேட்க வாய் வருவதுதான் வங்கியில் கற்க வேண்டிய முதல் பாடம். படிவம் நிரப்புவது அதற்கு அடுத்தது.

அடுத்து மாதச் செலவு. கல்லூரி திறக்க இன்னும் சில மாதம் இருக்கிறது அல்லவா? இப்போதிருந்தே ஒன்றாம் தேதி அவன் செலவு முழுவதையும் மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். பஸ், ரீசார்ஜ், முடிவெட்டு, சோப்பு, நண்பர்களோடு டீ, எல்லாம் அதற்குள். இருபதாம் தேதி காலியாகிவிட்டால் மீண்டும் கொடுக்காதீர்கள். திட்டவும் வேண்டாம். சாப்பாடு வீட்டில் இருக்கிறது, பத்து நாள் கையில் காசில்லாமல் இருந்து பார்க்கட்டும். எர்ணாகுளத்தில் அது நடந்தால் கடன் கேட்பான். உங்கள் வீட்டில் நடந்தால் அடுத்த மாதம் கணக்கு எழுதுவான்.

இதோடு வீட்டு வரவையும் அவனுக்குத் திறந்து காட்டுங்கள். பிள்ளைக்குத் தெரிந்தால் மனசு கஷ்டப்படும் என்று மறைக்கிறோம். ஏலக்காயை நம்பிப் பிழைக்கும் நம் ஊரில் அது பெரிய தவறு. 2018 வெள்ளத்தில் விளைச்சல் போனதும் 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் ஏலத்தில் போனது. மூன்று வருஷத்துக்குள் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே வந்தது. அந்த உயர்ந்த விலையை நம்பிக் கடன் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பது ஏலக்காய்ச் சந்தை ஊர்களான போடியிலும் வண்டன்மேட்டிலும் எல்லாருக்கும் தெரியும். தோட்டத்துக்கு விலை இல்லை என்றால் வேலை நாளும் குறையும். நல்ல மாதத்து வருமானத்தை எல்லா மாதத்துக்கும் என்று எண்ணக் கூடாது என்பதை அவன் உங்கள் வீட்டு நோட்டைப் பார்த்தே புரிந்துகொள்ள முடியும்.

வட்டிக் கணக்கை மட்டும் உட்கார்ந்து போட வையுங்கள். பள்ளிக்கூடத்தில் தனி வட்டி, கூட்டு வட்டி எல்லாம் போட்டிருப்பான். ஆனால் "மூணு ரூபா வட்டி" என்றால் ஆண்டுக்கு 36 விழுக்காடு என்பது பல பிள்ளைகளுக்குச் சட்டென்று தோன்றாது. தண்டல்காரர் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். 10,000 ரூபாய் கடன் என்று எழுதி, 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "ஆயிரம் ரூபாதானே, பத்து பெர்சென்ட்" என்பான். இல்லை. முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருக்கிறது. அந்த 9,000 முழுதாக நூறு நாளும் அவன் கையில் இருக்கவில்லை, சராசரியாகப் பாதிதான் இருந்தது. அதுவும் நூறு நாளுக்குத்தான், ஒரு வருஷத்துக்கு அல்ல. ஒழுங்காகக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 75 விழுக்காட்டைத் தாண்டும். இந்த ஒரு கணக்கைத் தன் கையால் போட்ட பிள்ளை செல்போன் கடன் செயலியின் "ஈஸி" தவணையைப் பார்த்து மயங்க மாட்டான். கடன் செயலிகளைப் பற்றி இன்னொன்றும் தெரிய வேண்டும்: போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதித்துவிட்டது. அந்த அனுமதியைக் கேட்கும் செயலி விதியை மீறுகிறது, அதோடு பேச்சே வேண்டாம்.

கல்விக் கடன் எடுப்பதாக இருந்தால் அவனையும் மேலாளர் முன்னால் உட்கார வையுங்கள். பெற்றோரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போடுவீர்கள், ஆனாலும் கடன் அவனுடையது. படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்பதைக் கேட்டு, வட்டியும் கிடையாது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். வட்டி முதல் நாளிலிருந்து ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

இனி நான் மிகவும் பயப்படும் இரண்டு விஷயங்கள். ஒன்று ஜாமீன் கையெழுத்து. "சும்மா ஒரு கையெழுத்துதான் மாப்ள" என்று நண்பன் நீட்டுவான். கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு. வாங்கியவரைத் துரத்தி முடித்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்குக் கிடையாது. தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை நண்பனின் வண்டிக் கடனுக்குக் கட்டிவிட்டு, கவுண்டரில் நின்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. "முடியாது" என்று சொல்லப் பழகாதவர்கள்.

இரண்டாவது, தன் வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுவது. இது இப்போது கல்லூரிப் பிள்ளைகளைக் குறிவைத்தே நடக்கிறது. "உன் பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் மூணும் குடு, மாசம் சில ஆயிரம் தர்றேன், ஆன்லைன் பிசினஸ்" என்பார்கள். எங்கோ ஒரு முதியவரை ஏமாற்றிப் பறித்த பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்கு. கணக்கு முடங்கும், வழக்கு வரும், வேலைக்குப் போகும்போது அந்த வழக்கு கூடவே வரும். ஒரு முறை பணம் வாங்கியிருந்தாலும் "எனக்குத் தெரியாது" என்ற பதில் நிற்காது. இதை அவனிடம் ஒரு தடவை அல்ல, பல தடவை சொல்லுங்கள். சிம் கார்டும் அப்படியே: தன் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அவனே பார்க்கலாம்.

போன் மோசடிகளில் வகை நிறைய, அத்தனையையும் மனப்பாடம் செய்ய முடியாது. மூன்று விஷயம் போதும். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் எண் தேவையே இல்லை, பின் கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்று அர்த்தம். வீடியோ காலில் கைது செய்யும் வழக்கம் இந்தியச் சட்டத்தில் எங்குமே கிடையாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். வேகமாகச் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் நஷ்டம் வங்கியைச் சேர்ந்தது என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது. வீட்டில் திட்டு விழும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் அந்த முதல் மணி நேரத்தை இழக்கிறார்கள். "எது நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல், திட்ட மாட்டோம்" என்று வாக்குக் கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் மாநில எல்லை தாண்டுவதால் கூடுதல் கவனம் வேண்டும். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, ஆதார் எல்லாம் எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரிய வேண்டும். எழுத்துப் பிழை, தலைப்பெழுத்து வித்தியாசம், பிறந்த தேதி வித்தியாசம் இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள், ஊரை விட்டுப் போன பிறகு அது பெரும்பாடு. தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்று கேரளத்தின் மாநில இட ஒதுக்கீட்டுக்குப் பொதுவாக உதவாது என்பதையும் விண்ணப்பிக்கும்போதே மனதில் வையுங்கள். சேர்ந்த பிறகு அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-லேயே அறிவித்திருக்கிறது. சரிபார்த்ததும் திரும்பக் கேட்டு வாங்க அவனுக்கு உரிமை உண்டு. அரசின் இணையப் பெட்டகமான டிஜிலாக்கரில் ஏற்றி வைப்பதும் அரை மணி நேர வேலை, உங்களுக்கும் சேர்த்து அவனையே செய்து தரச் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்வதில் நம் மலையோரத்துப் பிள்ளைகளுக்குப் பாம்பும் நாயும் முக்கியம். பாம்பு கடித்தால் கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கை அல்லது காலை அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மந்திரிப்பவரிடம் போகும் நேரம்தான் உயிரை எடுக்கிறது. நாய் கடித்தால், பூனை கீறினால்கூட, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வைக்கக் கூடாது. பிறகு அன்றைக்கே ஊசி. முதல் ஊசி போட்டு வலி போனதும் விட்டுவிடுகிறார்கள், எத்தனை தேதி எழுதித் தருகிறார்களோ அத்தனையும் போட்டாக வேண்டும்.

எர்ணாகுளத்தில் மழை வேறு மாதிரி பெய்யும். தெருவில் தேங்கிய தண்ணீரில் நடந்துவிட்டு அடுத்த இரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். "தேங்கின தண்ணில நடந்தேன்" என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும், அவர் கேட்காவிட்டாலும். அங்கே ஓட்டலில் பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டுக் கொதிக்க வைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர் தருவார்கள், நிறத்தைப் பார்த்து ஒதுக்காமல் குடிக்கட்டும், பச்சைத் தண்ணீரைவிட அது நல்லது. பழைய சீட்டை வைத்து ஆன்டிபயாடிக் வாங்கும் பழக்கம் வேண்டாம். தன் ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து எது என்பது அவனுக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டும்.

சமையலில் சாதம், ஒரு ரசம், ஒரு முட்டை, ஒரு காய் போதும், மீதியைப் பசி கற்றுக் கொடுத்துவிடும். கேரளத்து மட்ட அரிசி வாங்கினால் நம் அரிசியைவிடத் தண்ணீரும் நேரமும் அதிகம் பிடிக்கும். காஸ் வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து காஸ் கசிவு அவசர எண்ணான 1906-க்குச் சொல்ல வேண்டும். துணி துவைப்பது, தட்டுக் கழுவுவது, குளியலறை தேய்ப்பது எல்லாம் இன்றைக்கே தொடங்கட்டும். "பையன் எதுக்கு இதெல்லாம்" என்று பாட்டி சொன்னால், அன்போடு மறுத்துவிடுங்கள். தான் தின்ற தட்டைத் தானே கழுவாத மகனை வேறொரு வீட்டுப் பெண்ணிடம் ஒப்படைப்பது நியாயமில்லை.

வண்டி பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். குமுளி மலைப்பாதையில் உரிமம் இல்லாமல் பைக் ஓட்டும் பதினேழு வயதுப் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. பிறந்தநாள் வரைக்கும் சாவியை உங்கள் கையிலேயே வையுங்கள்.

விடுதி வாழ்க்கையில் ராகிங் என்று ஏதாவது நடந்தால் அதைப் பொறுத்துக்கொள்வது வீரம் இல்லை என்று சொல்லி அனுப்புங்கள். தமிழ்நாட்டில் 1997-இலும் கேரளத்தில் 1998-இலும் ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்துவிட்டது. யு.ஜி.சி.யின் 1800-180-5522 என்ற எண்ணில் எந்த நேரமும் புகார் செய்யலாம். முதல் மூன்று மாதம் வீட்டு நினைப்பு வாட்டும். மனசு ரொம்பத் தளர்ந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம், காசில்லை, பெயர் சொல்லவும் அவசியமில்லை. நீங்கள் போன் செய்யும்போது மார்க்கை முதலில் கேட்காதீர்கள். சாப்பிட்டானா, தூங்கினானா, யாரோடு பேசினான் என்று கேளுங்கள். சொல்லும் விதத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மலையாளம் பேச்சு நம் பிள்ளைகளுக்குக் காதில் பழகியதுதான். எழுத்தையும் கற்றுக்கொள்ளட்டும். பஸ் போர்டும் அரசு அலுவலகப் படிவமும் அந்த எழுத்தில்தான் இருக்கும். படிக்கத் தெரியாதவன் ஒவ்வொரு தடவையும் அடுத்தவர் வாயைப் பார்த்து நிற்க வேண்டும், கையெழுத்துப் போடும் தாளிலும் அப்படித்தான். இந்தக் கோடை விடுமுறையே அதற்குப் போதும்.

மகளைப் பற்றித் தனியாகக் கேட்கவில்லை, ஆனால் மேலே சொன்ன அத்தனையும் அவளுக்கும்தான், இரண்டு வருஷம் முன்கூட்டியே. அவள் பெயரில் கணக்கு இப்போதே இருக்கட்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, அது அவள் கணக்குக்கே வரும். அந்தக் கணக்கின் கார்டும் பின் எண்ணும் அவளிடமே இருக்க வேண்டும், அண்ணனிடமோ அப்பாவிடமோ அல்ல. பத்தாவது முடித்ததும் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு உறவில் எழும்பினால், 18-க்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று நீங்களே சபையில் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098 எதற்கென்று அவளுக்கும் அவள் தோழிகளுக்கும் தெரிந்திருக்கட்டும். தொட்டதும் பேசியதும் பிடிக்கவில்லை என்றால், அது யாராக இருந்தாலும், சத்தம் போட்டு மறுக்கலாம் என்று அவளுக்கும் சொல்லுங்கள், மகனுக்கும் சொல்லுங்கள். மற்றவர் அப்படி மறுத்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும் என்பதை மகனுக்கு இன்னும் அழுத்திச் சொல்லுங்கள்.

இத்தனையும் சில மாதத்தில் நடக்குமா என்று மலைக்க வேண்டாம். பரீட்சை முடிந்த வாரத்தில் வங்கியும் சான்றிதழ் திருத்தமும். அதன் பிறகு இரண்டு மாதம் மாதப் பணமும், வாரத்தில் இரண்டு நாள் அவன் சமையலும். நடுவே ஒரு நாள் அவன் மட்டும் எர்ணாகுளம் போய், கல்லூரியையும் விடுதியையும் பார்த்து, கட்டண விவரம் கேட்டு, ரசீது வாங்கித் திரும்பி வரட்டும். 17 நிரம்பியிருந்தால் வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6-ஐ இப்போதே முன்கூட்டிக் கொடுக்கலாம். அந்தப் படிவத்தை அவன் நிரப்பட்டும், நீங்கள் படித்துப் பார்க்க மட்டும் செய்யுங்கள்.